கார் ஷெட்டில் ஒரு பந்தயக் கார்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணி. சென்னை நகரம் இன்னும் கண் விழிக்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டு விதமான கார்கள் வீட்டை விட்டுக் கிளம்புகின்றன.

முதலாவது, புத்தம் புதிய கார். விலை உயர்ந்தது. கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி இருக்கிறது. ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை. அது கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறது. பால்காரர்களும், மீன் கூடையோடு பஸ்சுக்கு நிற்கும் பெண்களும், காலாற நடக்க வந்த பெரியவர்களும் நடமாடும் அந்தச் சாலையில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. பிறகு ஓர் ஓட்டலில் நின்று, இட்லி காப்பி முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறது.

இரண்டாவது, 14 வயதான பழைய கார். அதில் பின் ஆசனம் இல்லை. தரை விரிப்பு இல்லை. ரேடியோ இல்லை. உள்ளே இரும்புக் குழாய்களால் ஆன ஒரு கூண்டு. ஓட்டுகிறவரின் பக்கத்தில் ஒரு ஹெல்மெட். பின்னால் நான்கு உபரி டயர்கள். இந்தக் கார் பெங்களூர் நெடுஞ்சாலையில் இடது ஓரமாக, 60ஐத் தாண்டாமல் ஊர்ந்து, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மோட்டார் பந்தயப் பாதைக்குப் போகிறது.

இந்த இரண்டு கார்களில், சட்டத்தின் கண்ணில் பெரிய குற்றவாளி எது? இரண்டாவது கார்தான்!

முதல் காரைப் போலீசார் பிடித்தால், அதிவேகத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு விதிக்கும் அபராதம் 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை. (அபாயகரமாக ஓட்டியதாகத் தனி வழக்குப் போட்டால் தண்டனை கூடும். போட வேண்டுமே!) இரண்டாவது காருக்கோ, 2019ல் திருத்தப்பட்ட அதே சட்டத்தின் 182-ஏ பிரிவின்படி, செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தக் கார் வேகமாக ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் குற்றம் குற்றம்தான்.

"இது என்ன நியாயம்?" என்று கார் பிரியர்கள் கேட்கிறார்கள். "வேறு என்ன செய்வதாம்?" என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். இரண்டு கேள்விகளிலும் விஷயம் இருக்கிறது.

பந்தயம் அல்ல

முதலில், அந்தப் பழைய கார் எதற்காகப் பந்தயப் பாதைக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது பந்தயத்தில் கலந்துகொள்ளப் போகவில்லை. "டிராக் டே" என்று ஓர் ஏற்பாடு உண்டு. பந்தயம் நடக்காத நாட்களில், கட்டணம் வாங்கிக்கொண்டு, பாதையைச் சாதாரணக் கார்க்காரர்களுக்குத் திறந்து விடுவார்கள். யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. பரிசு கிடையாது. ஹெல்மெட் கட்டாயம். முந்த வேண்டுமானால் நேர்ப்பாதையில், முன்னால் போகிறவர் வழிவிட்ட பிறகே முந்தலாம். மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பிவிட வேண்டும். எதிரே வண்டி வராது. குறுக்கே மாடு வராது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். வேகமாக ஓட்ட வேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு இருந்தால், அதைத் தீர்த்துக்கொள்ள இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

இந்த வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் அங்கே பல விமான தளங்கள் சும்மா கிடந்தன. சில்வர்ஸ்டன் என்ற விமான தளம் 1948ல் பந்தயப் பாதை ஆயிற்று. குட்வுட் பாதையும் அப்படி விமான தளத்தைச் சுற்றி அமைந்ததுதான். சென்னைக்காரர்களுக்கு இது புதுக் கதை அல்ல. யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்திலும் இருந்தது. 1953ல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. சோழவரம் பந்தயம் என்றால், பஸ் பிடித்தும் சைக்கிளிலும் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள்.

அன்று சோழவரத்தில் ஓடிய கார்கள் எவை? வெளிநாட்டுக் கார்களை இஷ்டம்போல் இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. கிடைத்தது பியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. குடும்பத்தைத் திருப்பதிக்கு அழைத்துப் போகும் அதே பியட் காரின் இஞ்சினைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து இழைத்து அழுத்தத்தைக் கூட்டி, காற்று போகும் துவாரங்களைப் பாலிஷ் போட்டு, கார்புரேட்டரை மாற்றிப் பந்தயத்துக்குக் கொண்டு வந்தார்கள். 1980களில் பைபர் உடம்பு கொண்ட சிப்பானி டால்பின் வந்தது. லேசான வண்டி என்பதால் பந்தயக்காரர்கள் அதை விடவில்லை. ஆக, வீட்டுக் காரைப் பந்தயக் காராக்கும் கலை நேற்று முளைத்தது அல்ல.

கோயமுத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் இந்தக் கலையை ஒரு படி மேலே கொண்டு போனார். மாருதி 800 காரின் சிறிய இஞ்சினை வைத்து, ஒற்றை ஆசனப் பந்தயக் காரை 1980களின் இறுதியில் கோவையிலேயே தயாரித்தார். "பார்முலா மாருதி" என்று அதற்குப் பெயர். பணம் படைத்தவர்களின் இறக்குமதிக் கார் இல்லாமலே ஒரு வாலிபர் பந்தயம் பழகலாம் என்ற நிலையை அது உண்டாக்கிற்று. கரிவர்தன் 1995ல் காலமானார். அவர் பெயரில்தான் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறது. அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010ல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அந்த வரிசையில் சேர்ந்தார்.

இப்போது மறுபடியும் ஓர் அலை வீசுகிறது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, மூன்றரை கிலோமீட்டர் தெருப் பாதையில், இரவு விளக்கொளியில் பார்முலா 4 கார்கள் ஓடின. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் குழு தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. இவற்றைப் பார்த்த வாலிபர்களின் கண், வீட்டு வாசலில் நிற்கும் காரின் மேல் விழுந்தால் அதில் ஆச்சரியம் என்ன?

காப்மன் காட்டிய வழி

வீட்டில் செய்த கார் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1948ல் லண்டனில் காலின் காப்மன் என்ற வாலிபர், தமக்கு நிச்சயமாகப் போகும் பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றைப் பிரித்து மாற்றிக் கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ் கார். லோட்டஸ் கம்பெனி பிறகு பார்முலா 1 பந்தயத்தில் 7 முறை தயாரிப்பாளர் பட்டம் வென்றது. 1957ல் வந்த "லோட்டஸ் செவன்" காரை உதிரிப் பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்கு இருந்த விற்பனை வரி உதிரிக்கு இல்லை. வரியைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழி, ஒரு தலைமுறைக்கே ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டது!

இன்று அந்த இடத்தில் இருப்பது மாஜ்டா கம்பெனியின் எம்.எக்ஸ்.5 என்ற இரண்டு ஆசனக் கார். 1989ல் வந்தது. முதல் காரின் எடை 1,000 கிலோவுக்கும் குறைவு, 1.6 லிட்டர் இஞ்சின். சுமார் 115 குதிரைசக்தி. சக்தியைப் பார்த்தால் பெரிய விஷயம் இல்லை. ஆனால் இஞ்சின் முன்னால், ஓட்டம் பின் சக்கரத்தில், எடை சமமாகப் பங்கிடப்பட்டிருக்கும். எந்தப் பாகமும் சுலபமாகக் கழலும். 2016க்குள் 10 லட்சம் கார்கள் தயாராகிவிட்டன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் டிராக் டேக்குப் போனால் இந்தக் கார் கண்ணில் படாமல் இராது. இந்தியாவில் அதை விற்கவில்லை. அதனால் இங்கே ஸ்விப்ட், போலோ, பழைய ஹோண்டா சிட்டி ஆகியவற்றை வைத்துத்தான் "ஸ்போர்ட்ஸ் கார்" செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வேகம் அல்ல, வெப்பம்

காரை மாற்றப் புறப்படும் வாலிபர் முதலில் எதைத் தொடுவார்? சைலென்சரை! அடுத்தது இஞ்சினின் கம்ப்யூட்டரை. சத்தமும் சக்தியும் கூடினால் பந்தயக் கார் ஆகிவிட்டது என்று நினைப்பு. இதைவிடத் தவறான ஆரம்பம் வேறு இல்லை.

பந்தயப் பாதையில் காருக்கு எதிரி வெப்பம். ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள கார் 160 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வளைவுக்கு முன் 60க்குக் குறைக்க வேண்டும். அந்த நான்கைந்து விநாடிகளில் வெளியாகும் சக்தி, ஏறக்குறைய 3 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரும். அதில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பாதை 3.7 கிலோமீட்டர் நீளம்; 12 வளைவுகள். எல்லா வளைவுகளுக்கும் இவ்வளவு பலமாகப் பிரேக் போட வேண்டியதில்லை என்றாலும், ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நான்கு முறை இந்த வெப்பம் இறங்கும். சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று. பிரேக்குக்கு ஆறுவதற்கு நேரம் ஏது?

சாலையில் ஓட்டுகிறவருக்கு இந்த நிலை வருவதில்லை. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் காய்ந்து வாடை அடித்ததை அனுபவித்தவர்கள் கொஞ்சம் புரிந்துகொள்வார்கள். பந்தயப் பாதையில் அதைப் போல் பல மடங்கு.

இங்கேதான் உயிர் ஊசலாடுகிறது. பிரேக் பெடலை மிதித்தால், அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது பிரேக் ஆயில். மூன்றாம் தர ஆயில் (டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும்) புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. நான்காம் தரத்துக்கு 230 டிகிரி. ஆனால் இந்த ஆயிலுக்கு ஒரு துர்க்குணம் உண்டு: காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த பிறகு அதன் கொதிநிலை 140, 155 டிகிரி என்று இறங்கிவிடும். சென்னை போன்ற கடற்கரை ஊரின் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடலை மிதித்தால் அது எதிர்ப்பில்லாமல் தரை வரை போகும், கார் நிற்காது.

ஆகவே, விஷயம் தெரிந்தவர்கள் செய்யும் முதல் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. பழைய பிரேக் ஆயிலை வெளியேற்றி, புதிய ஆயிலை ஏற்றுவதுதான் அது. வீட்டில் செய்யக்கூடிய வேலை. ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தின் அருகே உட்கார்ந்து நிப்பிளைத் திருக வேண்டும். இன்னொருவர் உள்ளே இருந்து மிதிக்க வேண்டும். "மிதி... பிடி... விடாதே... ம், இப்ப விடு!" என்று ஒரு மணி நேரம் நடக்கும். தம்பியோ மனைவியோ இல்லாமல் இந்த வேலை நடப்பதில்லை. காரை மாற்றியவர் பெயர் ஊருக்குத் தெரிகிறது. பெடலை மிதித்தவர் பெயர் யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்தது பிரேக் பேடு. பிறகு நல்ல டயர். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்துத் தொடங்கி, ஓட்டத்தில் சூடேறி அழுத்தம் கூடியதும் அளந்து சரி செய்வார்கள். அதன் பின் இஞ்சின் ஆயில். நீண்ட வளைவில் கார் திரும்பும்போது, தாம்பாளத்தில் உள்ள தண்ணீர் ஒரு பக்கம் சாய்வது போல் ஆயிலும் சாயும். ஆயில் பம்பு காற்றை உறிஞ்சும். சில விநாடிகள் எண்ணெய் இல்லாமல் சுழன்றால் பேரிங்குகள் தேய்ந்து இஞ்சின் போய்விடும். இதைத் தடுக்க ஆயில் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைப்பது உண்டு. முன் சக்கரங்களின் மேல்பகுதி சற்று உள்பக்கம் சாயும்படி அலைன்மென்ட் செய்துகொண்டால், வளைவில் டயர் முழு அகலமும் தரையைப் பிடிக்கும். இவ்வளவும் செய்த பிறகு சக்தியைப் பற்றி யோசிக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அதற்குத் தேவையே வராது. கம்பெனி கொடுத்த சக்தியை முழுக்கப் பயன்படுத்தவே ஒரு வருஷம் பழக வேண்டும்.

ஆசனங்களைக் கழற்றுவதும் கூண்டு வைப்பதும் கடைசிக் கட்டம். எடை குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறையும். கார் உருண்டால் கூரை நசுங்காமல் காப்பது கூண்டு. ஆனால் கூண்டு என்பது கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் செய்வது போன்ற வேலை அல்ல. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதிப்படி, முக்கிய வளைவுக்குத் தையல் இல்லாத எஃகுக் குழாய், 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்த கூண்டும் பெயிண்டு அடித்தால் அதே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் கார் உருளும்போது தெரியும்.

ஆர்.சி. புத்தகம் சொல்வது

இனிச் சட்டத்துக்கு வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் எழுதியுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் வகுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பெட்ரோலுக்குப் பதில் காஸ் பொருத்துவது, அதே வகை இஞ்சினை மாற்றி வைப்பது, உடல் ஊனமுற்றோருக்காக வண்டியைத் திருத்துவது போன்றவற்றுக்கு அனுமதி உண்டு.

இதைப் பற்றிக் கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. விதிகளுக்கு உட்பட்ட மாற்றங்கள் செய்யலாம் என்று கேரள ஹைகோர்ட்டு கூறியிருந்ததை, சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் ரத்து செய்தது. தயாரிப்பாளரின் அசல் அமைப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். காற்று ஒலிப்பான்களும், கண்ணைக் கூச வைக்கும் விளக்குகளும், காது கிழியும் சைலென்சர்களும் சாலையை ஆட்டிப் படைப்பதைப் பார்த்தவர்கள் இந்தத் தீர்ப்பைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் டிராக் டேக்காரருக்கு இதன் பலன் என்ன? ஆர்.சி.யில் ஆசனங்களின் எண்ணிக்கை இருக்கிறது. காலி வண்டியின் எடை இருக்கிறது. பின் ஆசனத்தைக் கழற்றினால் இரண்டும் மாறிவிடுகின்றன. பிரேக் பேடு, ஆயில் போன்றவை தேய்ந்தால் மாற்றும் சாமான்கள். அவற்றில் தகராறு இல்லை. கூண்டு, பந்தய ஆசனம் எல்லாம் தகராறுதான். உயிரைக் காக்கும் மாற்றமும் ஊரைக் கெடுக்கும் மாற்றமும் சட்டத்தில் ஒரே தட்டில் நிற்கின்றன.

இன்ஷூரன்ஸ் விஷயம் இன்னும் தெளிவு. சாதாரணக் கார் பாலிசியில், பந்தயத்துக்கும் வேகப் பரீட்சைக்கும் பயன்படுத்தினால் பொறுப்பு இல்லை என்று எழுதியே இருக்கிறது. டிராக் டேயில் மதில் மேல் மோதினால், "இது பந்தயம் இல்லை, பழகும் ஓட்டம்" என்று வாதாடிப் பணம் வாங்கலாம் என யாரும் எண்ணிக்கொண்டு போகக்கூடாது.

அதிகாரிகள் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். மாற்றிய கார் எல்லாம் பத்திரமான கார் என்று கார் பிரியர்கள் பேசுவது முழு உண்மை அல்ல. பந்தயத்துக்கென்று செய்த பிரேக் பேடு சூடேறினால்தான் பிடிக்கும். காலை வேளையில், குளிர்ந்த நிலையில், குழந்தை குறுக்கே ஓடினால் கம்பெனி பேடை விடச் சற்றுத் தாமதமாகவே நிற்கும். ஹெல்மெட் போட்டவரைக் காப்பாற்றும் அதே கூண்டு, ஹெல்மெட் போடாமல் ஆபீசுக்குப் போகிறவரின் மண்டையைப் பிளந்துவிடும். மோதும்போது தலை போய் இடிக்கும் இடம் எஃகுக் குழாய். கோடுகள் இல்லாத வழவழப்பான பந்தய டயர் மழைத் தண்ணீரில் வழுக்கும். ஆகவே, முதலில் சொன்ன இரண்டாவது காரும் சாலைக்கு முழுக்க லாயக்கானது என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் 2022ம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து இலாகாவின் கணக்கு. அவர்களில் 100க்கு 71 பேர் இறந்தது அதிவேகத்தால். இந்தக் கணக்கை மேஜைமேல் வைத்துக்கொண்டிருக்கும் அதிகாரியிடம் போய், "என் காரை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள்" என்றால் அவர் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

ஜெர்மனியில் எப்படி?

கார் விஷயத்தில் ஜெர்மன்காரர்கள் கண்டிப்பானவர்கள். அங்கே மாற்றத்தைத் தடுக்கவில்லை, மறைப்பதைத் தடுத்தார்கள். பொருத்தும் பாகத்துக்குச் சோதனைச் சான்று இருக்க வேண்டும். தேவையான இனங்களில் "டூப்" போன்ற பரிசோதனை நிலையத்துக்குக் காரைக் கொண்டு போக வேண்டும். அங்குள்ள இஞ்சினியர் பார்த்து, சரி என்றால் காரின் தஸ்தாவேஜில் அந்த மாற்றத்தை எழுதிவிடுவார். போலீஸ்காரர் நிறுத்தினால் காகிதத்தைக் காட்டலாம். எழுதாமல் மாற்றினால், காரை ஓட்டும் அனுமதியே போய்விடும்.

அதே ஜெர்மனியில்தான் நூர்பர்க்ரிங் பாதை இருக்கிறது. 1927ல் திறந்தது. காட்டுக்கும் மலைக்கும் நடுவே 20.8 கிலோமீட்டர். 1976ல் நிக்கி லாடா அங்கே தீக்காயம் பட்டு உயிர் பிழைத்தார். அதன் பிறகு பார்முலா 1 பந்தயம் அந்த நீண்ட பாதைக்குத் திரும்பவில்லை. ஆனால் பொதுமக்கள் இன்றும் கட்டணம் கட்டி, சொந்தக் காரில் சுற்றி வரலாம். அந்த நேரத்தில் அது ஒரு வழிச் சாலையாகக் கருதப்படுகிறது. சாலை விதிகள் செல்லும். நேரத்தை அளக்கக்கூடாது. ஓரத்துத் தடுப்பை இடித்தால் ஓட்டியவர் செலவில் சரி செய்வார்கள். அங்கும் விபத்து உண்டு. உயிர்ச் சேதமும் உண்டு. ஆயினும் ஆசையை அடக்க முடியாதவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இங்கிலாந்தில் வேறு தொல்லை. பாதையைச் சுற்றிக் குடியிருப்புகள் வந்துவிட்டன. காலையில் ஓட்டத்துக்கு முன்பே சைலென்சர் பக்கத்தில் கருவியை வைத்துச் சத்தத்தை அளக்கிறார்கள். வரம்பை மீறினால் காரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கட்டிய பணம் போனது போனதே. சத்தமான சைலென்சர் வாங்கியவர்கள் அங்கே படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

இங்கே முடியுமா?

ஜெர்மன் முறையை அப்படியே இங்கே கொண்டு வரலாம் என்று சிலர் யோசனை கூறுகிறார்கள். அவசரப்படக்கூடாது. ஓடுகிற லாரி பஸ்களைச் சோதிக்கவே ஆர்.டி.ஓ. ஆபீசுகளில் ஆள் போதவில்லை. கூண்டின் குழாய் தையல் இல்லாததா, பற்றவைப்பு உள்ளே ஊடுருவியிருக்கிறதா என்று பார்க்கத் தனித் தேர்ச்சி வேண்டும். அது இல்லாமல் முத்திரை குத்தும் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால், முத்திரைக்கு ஒரு விலை ஏற்பட்டுவிடும். நாட்டு நடப்பு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஆனால் தொடக்கமாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சாலையில் ஓடும் கார் வேறு, பாதையில் மட்டும் ஓடும் கார் வேறு என்று பிரித்துவிடலாம். கூண்டும் பந்தய டயரும் போட்ட கார், வேறு வண்டிமேல் ஏறித்தான் பாதைக்கு வர வேண்டும், சாலையில் உருளக்கூடாது. உரிமம் பெற்ற பந்தயக்காரர்கள் இப்போதே அப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் கார்களைப் பந்தயத்துக்கு முன் பரிசோதகர்கள் நட்டு நட்டாகப் பார்க்கிறார்கள். அந்தப் பரிசோதகர்களின் கண் டிராக் டே கார்கள்மேலும் பட்டால், ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. சாலையிலும் ஓட வேண்டிய காருக்கு, பிரேக், டயர், பெல்ட்டு போன்ற சில மாற்றங்களை மட்டும் பெயர் சொல்லி, ஆர்.சி.யில் எழுத வழி செய்யலாம். சத்தத்தைக் கூட்டும் எதற்கும் அந்தப் பட்டியலில் இடம் வேண்டியதில்லை.

பணம் குறுக்கே நிற்கிறது என்பதும் நிஜம். காரை ஏற்றிச் செல்லும் வண்டி வாடகை, பாதைக் கட்டணம், ஒரே நாளில் தேய்ந்துபோகும் டயர் என்று கூட்டினால், மாதச் சம்பளக்காரர் வருஷத்துக்கு இரண்டு முறை போவதே அதிகம். பாதைகளும் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தென்னாட்டில் இருங்காட்டுக்கோட்டையும் கோவையும் முக்கியம். வடக்கே டில்லிக்கு அருகில் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள புத் பாதை 2011 முதல் 2013 வரை மூன்று பார்முலா 1 பந்தயங்களைக் கண்டது. அதன் பிறகு அந்தப் பந்தயம் வரவில்லை. மதுரை வாலிபரோ திருநெல்வேலி வாலிபரோ பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் பிரயாணம். நான்கு வழிச் சாலையோ வாசலிலேயே இருக்கிறது. எது அவரை இழுக்கும்?

"இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, இதற்கு ஏன் சர்க்கார் கவலைப்பட வேண்டும்?" என்று கேட்கலாம். அந்தப் பணக்காரப் பிள்ளையின் முன்னால் சைக்கிளில் போகிறவர் பணக்காரர் அல்ல. கவலை அவருக்காகத்தான். இன்னொன்றும் உண்டு. இஞ்சினியரிங் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துச் செய்த ஒற்றை ஆசனக் கார்களைக் கொண்டு வந்து போட்டியிடும் நிகழ்ச்சிகள் கோவைப் பாதையில் நடந்திருக்கின்றன. சட்டப்படி, சோதனைக்கு உட்பட்டு, இரும்பை அறுத்துப் பற்றவைத்துப் பழகிய அந்தக் கைகள் நாளைக்குக் கார் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் அத்தகைய தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை. அந்தப் பழைய கார் திரும்பி வருகிறது. டயர்களின் ஓரம் பிய்ந்து, சக்கரங்களில் பிரேக் பொடி கறுப்பாகப் படிந்திருக்கிறது. ஓட்டியவருக்கு உடம்பெல்லாம் வலி, முகத்தில் சந்தோஷம். நெடுஞ்சாலையில் 150ல் முந்திப் போகிறவர்களைப் பார்த்து அவருக்குப் போட்டி போடத் தோன்றவில்லை. காலையிலிருந்தே போதும் போதும் என்று ஓட்டியாகிவிட்டது.

காரின் பின் ஆசனம் அவர் வீட்டுப் பரணில், பழைய போர்வை சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. அடுத்த வருஷம் காருக்கு 15 வயது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆபீசுக்குக் கொண்டு போக வேண்டும். அதற்கு முந்தின நாள், கூண்டின் போல்ட்டுகளைக் கழற்றி, ஆசனத்தைப் பரணிலிருந்து இறக்கி மாட்டிவிடுவார். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து, ஆசனம் 5 என்று எண்ணி, கையெழுத்துப் போடுவார். மறுநாள் ஆசனம் பரணுக்கு ஏறும். கூண்டு காருக்குள் போகும். அதன் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று அன்றும் யாரும் பார்க்கப் போவதில்லை.